ஃபுட்பால் ஜிஎம்: காசு கேட்காது, பொறுமை கேட்கும்

மைதானத்தில் பந்தை எறிய இந்த விளையாட்டில் ஒரு பொத்தான்கூடக் கிடையாது. ஓட முடியாது, மோத முடியாது. அமெரிக்கன் ஃபுட்பால் அணி ஒன்றின் ஜெனரல் மேனேஜர் நாற்காலியில் உட்கார வைத்து, கையில் ஒரு ஆட்டக்காரர் பட்டியலையும் ஒரு சம்பளக் கணக்கையும் கொடுத்துவிடுவார்கள். மீதி நம் பாடு. கடைசி இடத்தில் கிடக்கும் அணியை எத்தனை ஆண்டில் கோப்பைக்குப் போட்டி போடும் அணியாக்குகிறோம் என்பதுதான் ஃபுட்பால் ஜிஎம்மின் ஒரே கேள்வி. 2019 முதல் பிரவுசரிலேயே ஓடுகிறது. இலவசம். பக்கத்து ஓரத்தில் விளம்பரம் வரும், அது பிடிக்காதவர்கள் மாதச் சந்தா கட்டிக்கொள்ளலாம். கட்டாவிட்டாலும் ஆட்டத்தில் எதுவும் குறையாது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வயது, ட்ராஃப்ட் எனும் புது ஆட்டக்காரர் தேர்வு, காத்திருப்பு ஆகிய மூன்றையும் இவ்வளவு தெளிவாகக் கற்றுத்தரும் வேறு இலவச விளையாட்டு கண்ணில் படவில்லை. ஆனால் பணக் கணக்கு நிஜத்தைவிடச் சுளுவு. இதில் பத்துக் கோப்பை வென்றவர், உண்மையான என்எஃப்எல் (அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பால் லீக்) அணி ஏன் ஒரு மோசமான ஒப்பந்தத்தால் இரண்டு ஆண்டு முடங்குகிறது என்று கேட்டால் முழிப்பார். அந்த ஓட்டை எங்கே என்று தெரிந்துகொண்டு ஆடினால் தங்கம்.

டர்பனிலோ ஜோபர்க்கிலோ இருப்பவருக்கு முதல் வசதி டேட்டா. மேடன் போன்ற கன்சோல் விளையாட்டு பல பத்து ஜிபி இறக்கும். பிரீபெய்டு டேட்டாவில் அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. இது ஒருமுறை பக்கம் திறந்துவிட்டால் கணக்கெல்லாம் நம் கருவியிலேயே நடக்கிறது, சர்வருக்குப் போய் வருவதில்லை. லோட் ஷெடிங்கில் வைஃபை செத்தாலும் லேப்டாப் பேட்டரி இருக்கும்வரை சீசன் ஓடும். பழைய ஆண்ட்ராய்டு போனிலும் ஓடுகிறது. 32 அணிகள், அணிக்கு 53 பேர் என்பதால் சீசன் முடிந்து ஆட்டக்காரர் மதிப்பெண்கள் மாறும் இடத்தில் மட்டும் போன் கொஞ்சம் மூச்சு வாங்கும்.

இதே வசதிதான் முதல் ஆபத்தும். எல்லாம் பிரவுசர் சேமிப்பில் இருப்பதால், "ஹிஸ்டரி கிளியர்" பண்ணும்போது தளத் தரவையும் சேர்த்து அழித்தால் பதினைந்து சீசன் ஒரே தட்டில் போய்விடும். ஐபோன் சஃபாரியில் இன்னொரு சிக்கல்: ஏழு நாள் அந்தத் தளத்தைத் தொடாமல் விட்டால் சஃபாரியே அந்தச் சேமிப்பைத் துடைத்துவிடலாம். ஐபோன்காரர்கள் பக்கத்தை ஹோம் ஸ்கிரீனில் சேர்த்து அங்கிருந்து திறப்பது நல்லது. எந்தக் கருவியானாலும் "எக்ஸ்போர்ட் லீக்" என்பதை ஒவ்வொரு சீசன் முடிவிலும் அழுத்தி, வரும் கோப்பை மின்னஞ்சலிலோ டிரைவிலோ போட்டு வையுங்கள். அதே கோப்பை வேறு கருவியில் ஏற்றி விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ரக்பியும் கிரிக்கெட்டும் பார்த்து வளர்ந்தவருக்கு ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஐபிஎல், எஸ்ஏ20 ஏலத்தில் யாரிடம் பணம் இருக்கிறதோ அவர் தூக்கிக்கொண்டு போவார். அமெரிக்க முறையில் புது ஆட்டக்காரருக்கு ஏலமே கிடையாது. போன ஆண்டு கடைசியாக வந்த அணிக்குத்தான் முதல் தேர்வு. இப்படி வரிசையாக ஏழு சுற்று. இதுதான் ட்ராஃப்ட். அந்தத் தேர்வு உரிமைக்குப் பெயர் பிக். இன்னும் நடக்காத ட்ராஃப்டின் பிக்கையும் இன்றே விற்கலாம், வாங்கலாம். அணியைத் திருப்பிக் கட்டும் வேலை முழுக்க இந்த விதைநெல்லைச் சுற்றித்தான். பசி எடுத்த அணி விதைநெல்லை விற்றுச் சாப்பிடும். நிதானமான அணி அதை வாங்கிக் குதிரில் போடும்.

லீக் தொடங்கும்போது "ரேண்டம் பிளேயர்ஸ்" என்று எடுத்துக்கொள்ளுங்கள். நகரப் பெயர்கள் நிஜம், அணிப் பெயர்களும் ஆட்டக்காரர்களும் கற்பனை. உரிமம் இல்லாத காரணம்தான். நிஜ ஆட்டக்காரர் பட்டியலைப் பயனர்கள் கோப்பாகச் செய்து பகிர்வது உண்டு, ஆனால் முதல்முறை அது வேண்டாம்: பெயர் தெரிந்தால் மதிப்பெண்ணைப் பார்க்காமல் பெயரை வாங்குவோம். சீசனுக்கு 17 ஆட்டம், பிளேஆஃபுக்கு 14 அணி, ஹார்ட் கேப் எனும் இறுக்கமான சம்பள உச்சவரம்பு. எலும்புக்கூடு என்எஃப்எல்லேதான்.

இனி முதல் ஆண்டு வேலை. ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்: இன்றைய தரம், எட்டக்கூடிய உச்சம். இரண்டையும் வயதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். திருப்பிக் கட்டும் அணியில் எவரை வைப்பது எவரை விற்பது என்பதற்கு ஒரே கேள்வி போதும்: நாம் ஜெயிக்கத் தொடங்கும் ஆண்டில் இவருக்கு என்ன வயது இருக்கும்? மூன்று ஆண்டு கழித்து என்று திட்டமிட்டால், இன்று 26 வயதாகும் ரன்னிங்பேக் அப்போது 29. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்தான் ரன்னிங்பேக்; எல்லாரும் அவரைத்தான் இடிப்பார்கள், அதனால் அந்த இடத்தின் ஆயுள் குறைவு. விளையாட்டையும் அதை உணர்ந்தே செய்திருக்கிறார்கள். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக், பந்தை உதைக்கும் கிக்கர், பன்ட்டர் ஆகியோர் முப்பதைத் தாண்டியும் நிற்கிறார்கள். ரன்னிங்பேக் அதற்கு முன்பே சரிகிறார். ஆக இன்று நன்றாக ஆடும் 26 வயது ரன்னிங்பேக்தான் முதலில் கடையேற வேண்டிய சரக்கு.

விற்கும் இடம் "டிரேடிங் பிளாக்". அவர் பெயரை டிக் செய்து, பதிலுக்கு ட்ராஃப்ட் பிக்தான் வேண்டும் என்று குறித்துவிட்டு, "ஆஃபர் கேள்" பொத்தானை அழுத்தினால் மற்ற அணிகளின் விலைகள் வரிசையாக வந்து விழும். அவசரப்பட்டு முதல் ஆஃபரை ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு அணிக்கும் பக்கத்தில் அது இப்போது கோப்பைக்குப் போட்டியிடுகிறதா, திருப்பிக் கட்டுகிறதா என்று போட்டிருக்கும். போட்டியிடும் அணி இன்றைய ஆட்டக்காரருக்குக் கூடுதல் விலை வைக்கும், எதிர்கால பிக்கைச் சில்லறையாக நினைக்கும். திருப்பிக் கட்டும் அணி நேர்மாறு. மூத்த ஆட்டக்காரரை முதல் வகையிடம் விற்று, அதே வகையிடமே பிக்கை வாங்க வேண்டும். இரண்டாம் சுற்று பிக் ஒன்று தருகிறேன் என்று வந்த ஆஃபரைத் திறந்து, அதோடு அடுத்த ஆண்டின் மூன்றாம் சுற்று பிக்கையும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். மறுத்தால் "என்ன சேர்த்தால் ஒப்புக்கொள்வாய்" என்று கேட்கும் பொத்தான் ஒன்று இருக்கிறது. நம் பக்கத்திலிருந்து எதை விரும்புகிறார்கள் என்று அதுவே காட்டும். சில நேரம் நமக்குத் தேவையே இல்லாத ஒரு பெஞ்ச் ஆட்டக்காரரைத்தான் கேட்பார்கள். கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான்.

எந்த அணியின் பிக் என்பது எத்தனையாம் சுற்று என்பதைவிட முக்கியம். வயதான குவார்ட்டர்பேக்கை வைத்துக்கொண்டு இந்த ஆண்டு தப்பிப் பிழைத்திருக்கும் அணியின் அடுத்த ஆண்டு முதல் சுற்று பிக்தான் பொக்கிஷம். அவர்கள் சரிந்தால் அது உச்சியில் வந்து உட்காரும். நிஜத்திலும் 2023-இல் சிகாகோ தன் முதல் இடத்து பிக்கைக் கரோலினாவுக்குக் கொடுத்து, எறிந்த பந்தைப் பிடிக்கும் ரிசீவரான டி.ஜே. மூரையும் சில பிக்குகளையும் வாங்கியது. அதில் ஒன்று கரோலினாவின் 2024 முதல் சுற்று பிக். கரோலினா அந்த சீசனில் 17 ஆட்டத்தில் 2 மட்டுமே ஜெயித்தது. அந்த பிக் ஒட்டுமொத்த ட்ராஃப்டின் முதல் இடமாகிச் சிகாகோவின் மடியிலேயே வந்து விழுந்தது. கேலப் வில்லியம்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். விளையாட்டில் இப்படி ஒன்று மாட்டினால் இரண்டு ஆண்டு மிச்சம்.

நேரத்தில் இரண்டு பொறி உண்டு. சீசன் பாதி தாண்டியதும் டிரேட் கெடு முடிந்துவிடும். சீசன் முடிந்த பிறகு, ஒப்பந்தம் தீரப்போகிறவரை விற்கவே முடியாது. கடைசி ஆண்டு ஒப்பந்தத்தில் இருக்கும் மூத்தவர்களைக் கெடுவுக்கு முன் தள்ளாவிட்டால் சும்மா நடந்து போய்விடுவார்கள். நிஜ என்எஃப்எல்லில் இப்படிப் போனவர்களுக்கு ஈடாக அடுத்த ஆண்டு சில அணிகளுக்கு காம்பென்சேட்டரி பிக் கிடைக்கும். இங்கே அந்த ஏற்பாடே இல்லை. போனால் போனதுதான்.

எந்த இடத்துக்கு முதலில் ஆள் பிடிப்பது? அணியின் மொத்த மதிப்பெண்ணில் தனி ஆளாக அதிக எடை குவார்ட்டர்பேக்குக்கு. குழுவாகப் பார்த்தால் அவரைக் காக்கும் அஃபென்சிவ் லைனும், எதிரணி குவார்ட்டர்பேக்கை நசுக்கும் டிஃபென்சிவ் லைனும். நிஜ அணிகளும் பணத்தை அங்கேதான் கொட்டுகின்றன. ரன்னிங்பேக்கின் எடை வியப்பாகக் குறைவு. முதல் சுற்று பிக்கை அதில் போடுகிறவர் சேலைக்குக் காசில்லாமல் பிளவுஸ் தைக்கக் கொடுத்தவர். குவார்ட்டர்பேக் விஷயத்தில் எல்லாரும் செய்யும் தவறு, ட்ராஃப்டில் எடுத்த பையன் இரண்டாம் ஆண்டிலும் தரம் ஏறவில்லை என்று விற்றுவிடுவது. இந்த இடம் தாமதமாகத்தான் பழுக்கும். 22 வயதில் உச்சம் நன்றாகவும் இன்றைய தரம் சுமாராகவும் இருப்பவரை 25 வரையாவது வைத்திருங்கள். கூடவே இன்னொருவரையும் இரண்டாம், மூன்றாம் சுற்றில் எடுத்து வையுங்கள். வளர்ச்சியில் அதிர்ஷ்டம் நிறையக் கலந்திருக்கிறது. ஒரே சீட்டை நம்பி உட்கார்ந்தால் ஒருநாள் அது ஏமாற்றும். 2022 ட்ராஃப்டில் கடைசி ஆளாக, 262-ஆம் இடத்தில் சான்ஃபிரான்சிஸ்கோ எடுத்த ப்ராக் பர்டிதான், அதற்கு முந்தைய ஆண்டு மூன்று முதல் சுற்று பிக்கைக் கொட்டி எடுத்த ட்ரே லான்ஸை ஓரங்கட்டினார்.

எல்லாரும் மறக்கும் இடம் கிக்கரும் பன்ட்டரும். அணி மதிப்பெண்ணில் இவர்களுக்கு உள்ள எடைக்குச் சந்தை விலை மிகக் குறைவு. ஒரு பின்சுற்று பிக்குக்கு நல்ல கிக்கர் கிடைப்பார், பத்து ஆண்டு நிற்பார். இந்த இடத்தின் அருமையை டர்பன்காரர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை: பாரிஸ் என்ற ஃப்ரீ ஸ்டேட் ஊரில் பிறந்து டர்பனில் வளர்ந்த கேரி ஆண்டர்சன்தான் 1998 சீசனில் மினசோட்டாவுக்காக அடித்த 35 ஃபீல்ட் கோலில் ஒன்றையும் தவறவிடாதவர். 15 ஜெயம், 1 தோல்வி என்று வந்த அந்த அணி, அரையிறுதிக்கு ஒப்பான ஆட்டத்தில் 27-20 என்று முன்னிலையில் இருந்தபோது ஃபீல்ட் கோல் உதை ஒன்றை அவர் தவறவிட, அட்லாண்டா சமன் செய்து கூடுதல் நேரத்தில் 30-27 என்று ஜெயித்துவிட்டது. ஒரு சீசன் முழுக்கத் தப்பாத கால் ஒருமுறை தப்பியது. விளையாட்டில் தரம் குறைந்த கிக்கரை வைத்துக்கொண்டு பிளேஆஃபில் நுழைகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு நுணுக்கம்: ஒவ்வொருவருக்கும் எல்லா இடங்களுக்கும் தனித்தனி மதிப்பெண் உண்டு. ஆட்டக்காரர் பக்கத்தைத் திறந்தால் தெரியும். சேஃப்டியாக எடுத்த பையனுக்குக் கார்னர்பேக் மதிப்பெண் அதிகமாக இருக்கலாம் (இரண்டுமே பின்வரிசைத் தடுப்பு இடங்கள்); யார் எங்கே ஆடுவது என்று காட்டும் டெப்த் சார்ட்டில் இழுத்துப் போட்டால் முடிந்தது. கணினி அணிகள் இதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

இனி பணம். ஹார்ட் கேப் என்றால் உண்மையிலேயே இறுக்கம்தான். உச்சவரம்பு தாண்டியிருந்தால் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு மட்டும் ஆள் எடுக்கலாம். நம் சொந்த ஆட்டக்காரரை மறுபடி ஒப்பந்தம் செய்யவும் இடம் வேண்டும், ட்ராஃப்டில் புதிதாக வந்த ரூக்கிகளுக்கும் இடம் வேண்டும். டிரேடிலும் வரவு சம்பளம் போகிற சம்பளத்தைவிடக் கூடினால் தடை. ஒருவரை விடுவித்தால் அவருடைய ஒப்பந்தம் தீரும்வரை மிச்சச் சம்பளம் நம் கணக்கிலேயே தொங்கும். ஆகவே தப்பான ஒப்பந்தத்தை விடுவித்துத் தீர்க்காதீர்கள். கேப் இடம் காலியாக உள்ள அணியாகப் பார்த்து, ஐந்தாம் சுற்று பிக் ஒன்றைத் தட்சணையாக வைத்து அவரைத் தள்ளிவிடுங்கள். ஒரே விலக்கு: அந்த ஆண்டு ட்ராஃப்டில் எடுத்த ரூக்கியை சீசன் தொடங்குமுன் விடுவித்தால் கணக்கில் நிற்காது.

இந்த விலக்கு ஏன் முக்கியமென்றால், பிக் சேர்க்கும் வெறி பிடித்தவர்கள் மூன்றாம் ஆண்டில் மாட்டிக்கொள்வார்கள். ஒரே ட்ராஃப்டில் பதினான்கு பதினைந்து பேரை எடுத்துவிட்டு, 53 பேர் வரம்பில் இடமில்லாமல், முந்தைய ஆண்டு எடுத்த பையன்களை விடுவித்து அவர்கள் சம்பளத்தைச் சுமப்பார்கள். ஆறு, ஏழாம் சுற்று பிக்குகளை முன்கூட்டியே கட்டி, நான்காம் சுற்றில் ஒரு நல்ல பிக்காக மாற்றிக்கொள்ளுங்கள். எண்ணிக்கை வேண்டாம், உயரம் வேண்டும். அணியின் முதலாளி மனநிலையையும் பார்க்க வேண்டும்: வெற்றி, பிளேஆஃப், வருமானம் என்று மூன்று தட்டில் அளக்கிறார். தொடக்கத்தில் கொஞ்சம் பொறுப்பார். தொடர்ந்து தோற்றுக்கொண்டே, காசையும் இறைத்துக்கொண்டிருந்தால் வேலையைவிட்டு அனுப்பிவிடுவார். தோற்கும் ஆண்டுகளில் சம்பளச் செலவைக் குறைத்து லாபம் காட்டினால் அந்தத் தட்டு மற்ற இரண்டையும் தாங்கும். மிச்சத்தைக் கோச்சிங் பட்ஜெட்டில் போடுங்கள். பையன்கள் வளர்வதில் அது உதவும். ஃபெசிலிட்டீஸ் செலவு தென்னை வைத்தது போல, பலன் வர ஆண்டுகள் ஆகும், ஆகவே முதல் ஆண்டிலேயே வையுங்கள். ஸ்கவுட்டிங் கடைசி.

இப்போது அந்த ஓட்டைக்கு வருவோம். நிஜ என்எஃப்எல் ஒப்பந்தத்தில் சைனிங் போனஸ் என்று ஒரு தொகை முதல் நாளே கைக்குப் போய்விடும். கேப் கணக்கில் மட்டும் அதை அதிகபட்சம் ஐந்து ஆண்டுக்குப் பிரித்து எழுதுவார்கள். ஐந்து ஆண்டு ஒப்பந்தம், 25 மில்லியன் டாலர் போனஸ் என்றால் ஆண்டுக்கு 5 மில்லியன். இரண்டு ஆண்டு கழித்து அவரை வெட்டினால், எழுதாமல் மிச்சமிருக்கும் 15 மில்லியனும் ஒரே ஆண்டில் தலையில் விழும். ஜூன் 1 சலுகையைப் பயன்படுத்தினால் இந்த ஆண்டு 5, அடுத்த ஆண்டு 10 என்று பிரியும். அணியில் இல்லாத ஆளுக்கு எழுதும் இந்தத் தொகைதான் டெட் மணி, நம் பேச்சில் தண்டம். 2024-இல் டென்வர், ரஸ்ஸல் வில்சனை வெட்டியபோது தண்டம் 85 மில்லியன் டாலர், இரண்டு ஆண்டுக்குப் பிரித்து. அந்த ஆண்டின் மொத்த உச்சவரம்பே 255.4 மில்லியன்.

ஃபுட்பால் ஜிஎம்மில் போனஸ் கிடையாது, பிரித்து எழுதுவது கிடையாது, ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதிச் சுமையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளும் தந்திரமும் கிடையாது. ஆண்டுச் சம்பளம் ஒரே எண், அவ்வளவுதான். ஆளை டிரேட் செய்தால் முழுக் கணக்கும் அவரோடு போய்விடும். நிஜத்தில் போனஸின் மிச்சம் விற்ற அணியிடமே தங்கும். நிஜ ஜிஎம்களின் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான், இந்த விளையாட்டில் அதைக் காணோம். ஒப்பந்தம் தீர்ந்தவரை ஓராண்டு பிடித்து வைக்கும் ஃபிராஞ்சைஸ் டேக் இல்லை, பயிற்சிக்கு மட்டும் ஆள் வைக்கும் பிராக்டிஸ் ஸ்குவாட் இல்லை, வெட்டப்பட்டவரை மற்ற அணிகள் முறைவைத்து எடுக்கும் வேய்வர் வரிசை இல்லை என்பதெல்லாம் இதற்கு முன் சின்னக் குறைகள்.

ஆனாலும் ஒரு பாடத்தை விளையாட்டு சரியாகப் பிடித்திருக்கிறது: மலிவான ஒப்பந்தத்தில் இருக்கும் நல்ல குவார்ட்டர்பேக்தான் கேப்பின் திறவுகோல். அதே டென்வர், அத்தனை தண்டத்தோடும் 2024-இல் 10-7 (10 ஜெயம், 7 தோல்வி) என்று பிளேஆஃப் போனது. காரணங்களில் ஒன்று 12-ஆம் பிக்காக எடுத்த ரூக்கி போ நிக்ஸ் வாங்கிய ரூக்கிச் சம்பளம். விளையாட்டிலும் குவார்ட்டர்பேக் முதல் ஒப்பந்தத்தில் இருக்கும் ஆண்டுகளில்தான் மற்ற இடங்களுக்குப் பணம் இருக்கும். அந்தச் சாளரம் மூடும் முன் கோப்பைக்குப் பாய வேண்டும், குதிரில் கிடக்கும் பிக்குகளை அப்போதுதான் செலவழிக்க வேண்டும். கடைசிவரை விதைநெல்லைப் பொத்திப் பொத்தி வைத்திருப்பவரும் பட்டினிதான்.

பயிற்சியாளர் என்ற ஆள் இதில் இல்லவே இல்லை, கோச்சிங் என்பது ஒரு பட்ஜெட் வரி. இது சாதாரணக் குறை அல்ல. டெட்ராய்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2021-இல் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்டை ராம்ஸ் அணிக்குக் கொடுத்து இரண்டு முதல் சுற்று பிக், ஒரு மூன்றாம் சுற்று பிக், கூடவே அவர்களுடைய குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃபை வாங்கினார்கள். அந்த சீசன் 3-13-1, கடைசி எண் சமன். அடுத்து 9-8, அடுத்து 12-5, 2024-இல் 15-2. பெனெய் சூவல், ஏடன் ஹட்சின்சன் என்று லைனில் முதலீடு, நான்காம் சுற்றில் அமோன்-ரா செயின்ட் பிரவுன் என்று கண்ணுக்குத் தெரியாத லாபம்: இதுவரை எல்லாமே ஃபுட்பால் ஜிஎம்மில் அப்படியே செய்யலாம். செய்ய முடியாதது ஒன்று. சம்பளச் சுமையோடு வந்து இறங்கிய காஃபை பயிற்சியாளர் டான் கேம்பெல்லின் குழு 12-5 குவார்ட்டர்பேக்காக மாற்றியது. அதேபோல் ஹியூஸ்டன் 2022-இல் 3-13-1, டெமிக்கோ ரயன்ஸ் பயிற்சியாளராக வந்த 2023-இல் 10-7; ஸ்ட்ரவுட் என்ற ரூக்கி குவார்ட்டர்பேக்கும் உண்டு, ஆனால் அவர் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டோம். இங்கே 27 வயதில் சுமாரான ஆள் பெரும்பாலும் சுமாராகவே முடிவார், பகடை கருணை காட்டினால் ஒழிய.

நேட்டால் பக்கத்தில் கரும்புக்காரர்களுக்கு இது பழைய கணக்கு: வெட்டிய கட்டையிலேயே துளிர்க்கும் மறுதாம்பு எத்தனை முறை விடலாம், எந்த ஆண்டு வேரோடு பிடுங்கி மறுநடவு செய்வது. விளையாட்டு மறுநடவைப் பிரமாதமாகக் கற்றுத்தருகிறது. மறுதாம்பிலேயே இன்னொரு விளைச்சல் எடுக்கும் வித்தை அதில் இல்லை.

மொழி முழுக்க ஆங்கிலம், எழுத்து பொடி, போனில் அட்டவணைகளைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டும். வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆடுகிறவர்கள் லேப்டாப்பைத் திறப்பது மேல். ஆட்டத்தை வரி வரியாக ஓடவிட்டும் பார்க்கலாம், ஒரு வாரத்தை ஒரே சொடுக்கில் முடிக்கவும் செய்யலாம். கவனமாக ஆடினால் ஒரு சீசனுக்கு ஒரு மாலை. ஞாயிற்றுக்கிழமையின் முதல் என்எஃப்எல் ஆட்டங்கள் இங்கே இரவு 7 மணிக்கு, அமெரிக்காவில் நவம்பரில் கடிகாரத்தைத் திருப்பிய பிறகு 8 மணிக்கு. அதற்கு முன் ரொட்டிக்குள் குழம்பு ஊற்றிய பன்னி சாவ் ஒரு கால் பங்கோடு ஒரு ட்ராஃப்டை முடித்துவிடலாம், விசைப்பலகையில் குழம்பு படாமல் பார்த்துக்கொண்டால்.

கடைசியாக அமைப்புகள். நார்மல் கடினத்தில் இரண்டாம் சீசனுக்குள் கணினியை ஏமாற்றும் வழி பிடிபட்டுவிடும். நிமிடத்துக்கு ஒரு டிரேட் செய்து ஓரோர் படியாக ஏறிவிடலாம், சலித்துவிடும். "ஹார்ட்" வையுங்கள், பழகியபின் "இன்சேன்". சந்தை சிறிய நகரத்து அணியை எடுங்கள், வருமானம் குறைவு என்பதால் முதலாளி தொல்லை உண்மையாக இருக்கும். டிரேடிங் பிளாக்கை ஆண்டுக்கு இரண்டே முறை திறப்பது என்று நீங்களே ஒரு வேலி போட்டுக்கொள்ளுங்கள். தண்டத்தின் சூட்டை உணர வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு நோட்டு: மூன்று ஆண்டுக்கு மேல் ஒப்பந்தம் உள்ள எவரை டிரேடில் தள்ளினாலும், அவருடைய ஓராண்டுச் சம்பளத்தின் பாதியை அடுத்த சீசன் கேப்பில் தொடாத பணம் என்று எழுதி ஒதுக்குங்கள். முதல் முறை அந்த வரியை எழுதிவிட்டு அணி இல்லாதவர்களின் ஃப்ரீ ஏஜெண்ட் பட்டியலைத் திறந்து பாருங்கள், விலை எல்லாம் வேறு மாதிரி தெரியும்.